நொய்யலில் நிறம் குறைந்தது. கிணற்றில் உப்பு குறைந்ததா? பரிசோதனைச் சீட்டு சொல்லும் கணக்கு

திருப்பூர் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரி 28ஆம் தேதி. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதற்குப் பிறகு நொய்யலில் சிவப்பும் நீலமுமாக ஓடிய தண்ணீர் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆற்றோரத் தோட்டங்களில் மறுபடி பயிர் வைக்கலாமா, மூடிக் கிடந்த கிணற்றைத் தூர் வாரலாமா, புதிதாக போர் போடலாமா என்று பல விவசாயிகள் யோசிக்கிறார்கள்.

அந்த முடிவை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு வேறு, பயிரைக் கெடுக்கும் அழுக்கு வேறு. நிறம் போய்விட்டது என்பதற்காகத் தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று நம்பி வெங்காயமோ மஞ்சளோ வைத்தால், விதைச் செலவு முதல் ஆள் கூலி வரை கையைவிட்டுப் போகலாம். தண்ணீரைச் சோதித்து, எண்களைப் பார்த்து முடிவெடுப்பதே வழி. அந்த எண்களை எப்படிப் படிப்பது, எந்த அளவுக்கு எந்தப் பயிர் தாங்கும், எங்கே முறையிடலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

ஆற்றில் இப்போது என்ன ஓடுகிறது?

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. இரண்டு பெரிய மாநகரங்களைத் தாண்டி வருவதால், மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி வீட்டுக் கழிவுநீர்தான். மழை வந்த முதல் நாட்களில் நுரை பொங்கி ஓடுவதும் அடிக்கடி செய்தியாகிறது.

இந்தக் கழிவுநீரில் என்னென்ன இருக்கக்கூடும் என்பதற்கு 2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு உதவும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் லிகி பிலிப் தலைமையிலான குழு காவிரி நீரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தது. காய்ச்சல், வலி, இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவற்றுக்கு மனிதர்கள் சாப்பிடும் மருந்துகளின் எச்சங்கள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகள், அழகுசாதனப் பொருட்களின் எச்சங்கள், பூச்சிமருந்துகள் ஆகியவை தண்ணீரில் இருந்தன. ஆர்சனிக், குரோமியம், ஈயம், நிக்கல், துத்தநாகம் போன்ற உலோகங்களும் இருந்தன. குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் இடங்களும் இதற்கு விலக்காக இல்லை. பருவமழையைப் பொறுத்து இவற்றின் அளவு கூடிக் குறைகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

காவிரி பெரிய ஆறு. பல துணையாறுகளின் தண்ணீர் கலந்து அழுக்கு நீர்த்துப்போகும் ஆறு. அதிலேயே இந்த நிலை என்றால், நகரக் கழிவுநீரைச் சுமந்து வரும் நொய்யல் போன்ற சிறு ஆறுகளில் கூடுதல் கவனம் வேண்டும். இந்த எச்சங்களுக்கு நிறமோ வாடையோ இருக்காது. விவசாயிகள் வழக்கமாகச் செய்யும் பாசன நீர்ப் பரிசோதனையிலும் இவை தெரியாது. அந்தச் சீட்டில் உப்பு, சோடியம், குளோரைடு, கார அமில நிலை ஆகியவைதான் வரும்.

அன்று எதை அளந்தார்கள்? எதை விட்டார்கள்?

பருத்தி பனியன் துணிக்குச் சாயம் ஏற உப்பு தேவை. சமையல் உப்பான சோடியம் குளோரைடையோ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டையோ சாயத் தொட்டியில் போடுவார்கள். அடர்ந்த நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு போகும். கணக்குப் போட்டால், ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரை கிலோ உப்பு வரை ஆகும். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்துவிடும். அது துணியில் தங்காது. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும்.

1990களில் கட்டப்பட்ட முதல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுக் கழிவைத் தெளிய வைத்தார்கள். நிறம் குறைந்தது, சேறு அடியில் தங்கியது. ஆனால் கரைந்துபோன உப்பைச் சுண்ணாம்பு எடுக்காது. பார்வைக்குத் தெளிந்த, ஆனால் உப்பு நிறைந்த தண்ணீர் நொய்யலுக்குப் போனது. ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. சுண்ணாம்பு முறையால் அந்த வரம்புக்குள் வர முடியவில்லை.

அந்தத் தண்ணீர் போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. கரூர் மாவட்டக் கடைமடை வரை பாசனம் தர வேண்டிய அணை அது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. அணை நீர் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. அணையில் தண்ணீர் நிற்காமல் இருந்தால் போதும் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எதை அளக்கிறார்களோ அதைத்தான் சரிசெய்வார்கள். நிறத்தைப் பார்த்த காலத்தில் நிறம் மட்டும் குறைந்தது. நீதிமன்றம் உப்பைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் உப்பை எடுக்கும் இயந்திரங்கள் வந்தன. இன்று மருந்து எச்சங்களையும் உலோகங்களையும் யாரும் தொடர்ந்து அளக்கவில்லை என்றால், அவையும் அப்படியே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வழக்கை வென்றது எண்கள்தான்

கரூர்ப் பகுதி நொய்யல் பாசன விவசாயிகள் 1996ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. 2006 டிசம்பர் 22ஆம் தேதி வந்த தீர்ப்பு, பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடாத நிலையை அடையக் கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்டச் சொன்னது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. அதன் பிறகும் கழிவு நிற்காததால்தான் 2011ஆம் ஆண்டு 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

நட்ட ஈடும் வந்தது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004 டிசம்பரில் அளித்த உத்தரவின்படி, 68 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 28,600 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகைதான். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்க்குள் வருகிறது. அதுவும் 2002 ஆகஸ்ட் முதல் 2004 டிசம்பர் வரையிலான இழப்புக்கு மட்டும். ஒரு வெள்ளாமை பொய்த்தால் ஏற்படும் நட்டத்துக்கே அது காணாது.

இருந்தாலும் அந்தத் தொகையும் தீர்ப்பும் வெறும் முறையீட்டால் வரவில்லை. கிணற்று நீரில் உப்பு இவ்வளவு, அணை நீரில் இவ்வளவு, மண்ணில் இவ்வளவு என்று பல்கலைக்கழகங்களும் வல்லுநர் குழுக்களும் எடுத்த அளவீடுகள் இருந்ததால் வந்தன. "தண்ணி கெட்டுப்போச்சு" என்று ஆயிரம் பேர் சொல்வதைவிட, தேதி போட்ட ஒரு பரிசோதனைச் சீட்டுக்கு நீதிமன்றத்தில் எடை அதிகம்.

உப்பு ஏன் தானாகப் போகாது?

இப்போது திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, நல்ல நீரையும் உப்புக் கரைசலையும் மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள். மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். இப்படிச் சேரும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோவது என்பது இன்னும் தீராத சிக்கல். மழையில் நனையாமல், தரையில் இறங்காமல் அதை வைத்திருக்க வேண்டும்.

ஆனால் 2011க்கு முன் ஏறக்குறைய கால் நூற்றாண்டாக நிலத்தில் இறங்கிய உப்பு எங்கே போயிற்று? அது பெரும்பாலும் இங்கேயேதான் இருக்கிறது. கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் தங்குகிறது, மெதுவாகத்தான் நகர்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்று நல்ல தண்ணியாகவும் மற்றொன்று சப்பைத் தண்ணியாகவும் இருப்பது இதனால்தான். ஆண்டு மழையும் இங்கே குறைவு. வெயிலில் ஆவியாகும் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு. அடித்துக்கொண்டு போக மழை போதாததால் உப்பு நிலத்தடியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. கிணற்றிலிருந்து வயலுக்கு வரும், வயலிலிருந்து மறுபடி கிணற்றுக்குப் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணி பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு இருந்தால், ஒரே பாசனத்தில் நிலத்தில் சேரும் உப்பு 400 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை 8. பத்துத் தண்ணி பாய்ச்சினால் 4 டன். பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும்.

இதில் சோடியம் அதிகமானால் வேறொரு கேடும் சேரும். மண் துகள்கள் பிரிந்து, மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. உப்பு பூத்து வெள்ளையாகத் தெரிவது உவர் நிலம். இறுகிக் கருத்து, மழை பெய்தால் சேறாகி, காய்ந்தால் கல்லாகும் நிலம் களர் நிலம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொங்குப் பகுதியில் கிடைக்கும் எல்லா உப்புத் தண்ணீரும் சாயப்பட்டறையால் வந்தது அல்ல. பாறையிலிருந்தே உப்பு கரைந்து வரும் ஆழ்துளைக் கிணறுகளும் உண்டு. ஆற்றிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் விலகி, மேட்டில் இருக்கும் ஒரு கிணற்று நீரையும் சேர்த்துச் சோதித்து ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். சோடியமும் குளோரைடும் ஆற்றோரக் கிணற்றில் மட்டும் மிக அதிகமாக இருந்தால் சந்தேகத்துக்கு இடம் உண்டு.

தண்ணீர் மாதிரி எடுப்பது எப்படி?

• போர் என்றால் 15 முதல் 20 நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். திறந்த கிணறு என்றால் மேல் பாசியை விலக்கி, நடுவில், சற்று ஆழத்திலிருந்து எடுங்கள்.

• சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, காற்று இல்லாமல் நிரப்பி மூடுங்கள். பூச்சிமருந்து, உரம் வைத்திருந்த பாட்டில் வேண்டவே வேண்டாம்.

• பெயர், ஊர், சர்வே எண், கிணறா போரா, ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அன்றே அல்லது மறுநாளே பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிடுங்கள்.

• வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் பாசன நீரைச் சோதித்துத் தருவார்கள்.

• ஆண்டுக்கு இரண்டு முறை சோதியுங்கள். கோடையில் மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மழை உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

கடையில் கிடைக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் அவ்வப்போது பார்த்துக்கொள்ள உதவும். ஆனால் மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டுமே அது சொல்லும். சோடியம் அதிகமா, சுண்ணாம்புச் சத்து அதிகமா என்பது அதில் தெரியாது.

சீட்டில் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

முதலாவது மின் கடத்துதிறன், அதாவது இ.சி. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை இது காட்டும். ஒரு டெசிசீமன்ஸ் என்பது 1,000 மைக்ரோசீமன்ஸ். தோராயமாக லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு. சீட்டில் எந்த அலகு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல்படி 0.7 டெசிசீமன்சுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிரைப் பார்த்து வைக்க வேண்டும். 3க்கு மேல் போனால் கடும் கட்டுப்பாடு தேவை.

இரண்டாவது சோடியம் ஈர்ப்பு விகிதம், அதாவது எஸ்.ஏ.ஆர். இது 10க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. அதற்கு மேல் போகப் போக மண் இறுகும் ஆபத்து கூடும், களிமண் பாங்கான நிலத்தில் இன்னும் கூடுதலாக.

மூன்றாவது எஞ்சிய சோடியம் கார்பனேட், அதாவது ஆர்.எஸ்.சி. 1.25க்குள் இருந்தால் நல்லது. 1.25 முதல் 2.5 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் ஜிப்சம் போன்ற சீர்திருத்தம் இல்லாமல் பாய்ச்சக் கூடாது.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் பயிர்?

உணவு வேளாண்மை அமைப்பின் அட்டவணைப்படி, மகசூல் குறையாமல் பயிர் தாங்கக்கூடிய பாசன நீரின் இ.சி. அளவு (டெசிசீமன்ஸ் கணக்கில்) ஏறக்குறைய இப்படி:

• பீன்ஸ்: 0.7
• வெங்காயம்: 0.8
• மிளகாய்: 1.0
• மக்காச்சோளம், கரும்பு: 1.1
• தக்காளி: 1.7
• நெல்: 2.0
• நிலக்கடலை: 2.1
• தட்டைப்பயறு: 3.3
• சோளம்: 4.5
• பருத்தி: 5.1

வெங்காயத்துக்கு 2.9 போனால் மகசூல் பாதியாகிவிடும். நிலக்கடலை 2.1 வரை தாக்குப்பிடித்தாலும் 3.3ல் பாதிக்கு இறங்கிவிடும். பருத்தியோ 12ல்தான் பாதியாகும். இவை வடிகால் சரியாக உள்ள நிலத்துக்கான எண்கள். தண்ணீர் வடியாத நிலத்தில் இதைவிடக் குறைந்த அளவிலேயே பாதிப்பு தெரியும். ரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும் என்பதால், உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மிகவும் கெட்டிருந்தால் அதை நம்பாத பண்ணையத்துக்குத் திரும்புவதும் ஒரு வழி. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, மழையை மட்டும் நம்பிக் கால்நடை மேய்க்கும் கொறங்காடு முறை காங்கேயம் பக்கத்து முன்னோர் கண்ட வழி. சோளத்தட்டு போன்ற மானாவாரித் தீவனமும் மாடு கன்று வைத்திருப்போருக்குக் கைகொடுக்கும்.

உப்புத் தண்ணீரைக் கையாளும் முறை

நல்ல தண்ணீர் கொஞ்சம் கிடைத்தாலும் கலந்து பாய்ச்சுங்கள். இ.சி. 4 உள்ள கிணற்று நீர் ஒரு பங்கும், 0.4 உள்ள வாய்க்கால் நீர் இரண்டு பங்கும் கலந்தால் 1.6க்கு வந்துவிடும். பி.ஏ.பி., கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் வரும் நாட்களில் பண்ணைக் குட்டையில் கலந்து வைத்துக்கொள்ளலாம்.

விதை முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் நல்ல தண்ணீரைக் கொடுங்கள். பெரும்பாலான பயிர்களுக்கு உப்பு அதிகம் உறைப்பது அப்போதுதான். வேர் பிடித்த பிறகு ஓரளவு தாங்கும்.

தெளிப்பு நீர்ப் பாசனத்தைத் தவிருங்கள். இலையில் படும் சோடியமும் குளோரைடும் நுனியைக் கருக்கும். சொட்டுநீர் நல்லது. ஆனால் சொட்டுநீரில் ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்பு சேரும். கோடைக்குப் பின் வரும் முதல் தூறல் அந்த உப்பை வேருக்குத் தள்ளிவிடும். அதனால் சிறு மழை பெய்யும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட்டுங்கள். பலத்த மழை பெய்து உப்பு கீழே இறங்கிய பிறகு நிறுத்தலாம்.

ஜிப்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். சோடியம் அதிகமான களர் நிலத்துக்குத்தான் அது மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு வரப்பு கட்டி, மழை நீரைத் தேக்கி, உப்பைக் கீழே இறக்கி வடிய விடுவதுதான் வைத்தியம். மண்ணையும் சோதித்து, சொன்ன அளவு ஜிப்சம் மட்டும் போடுங்கள். களரைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது மண்ணை இளக்கும். தொழுவுரம் தாராளமாகப் போடுங்கள். குளோரைடு அதிகமுள்ள தண்ணீர் பாயும் நிலத்தில் பொட்டாஷ் உரமாக மூரியேட்டுக்குப் பதில் சல்பேட் பொட்டாஷ் பயன்படுத்தலாம்.

கிணற்றில் மழைநீரை இறக்குங்கள். உப்பை நீர்த்துப்போகச் செய்ய மழையைவிட மலிவான மருந்து இல்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டம், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் கொண்டுவருகிறது. உங்கள் ஊர்க் குட்டை அந்தப் பட்டியலில் இருந்தால், குட்டைக்குள் சாக்கடையோ பட்டறைக் கழிவோ சேராமல் காப்பது ஊர்ப் பொறுப்பு. நல்ல தண்ணீர் இறங்கினால்தான் கிணறு தேறும்.

மாடு, கோழி, கீரை: கூடுதல் கவனம்

கறவை மாட்டுக்குத் தரும் தண்ணீர் இ.சி. 5க்குள் இருந்தால் பொதுவாகப் பழகிவிடும். புதிதாகக் குடிக்கும்போது சில நாள் கழிச்சல் வரலாம். 5 முதல் 8 வரை உள்ள தண்ணீரைக் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. பல்லடம் பகுதியில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்போர் இதை மறக்க வேண்டாம். சினை மாட்டுக்கும் கன்றுக்கும் உப்பு குறைந்த தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.

ஆற்றில் ஓடும் கழிவுநீரை மோட்டார் வைத்து எடுத்துக் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி போன்று பச்சையாகவோ லேசாக வேகவைத்தோ சாப்பிடும் பயிருக்குப் பாய்ச்சாதீர்கள். கிருமிகளும் உலோகங்களும் அதில் வரலாம். வேறு வழியே இல்லை என்றால் பருத்தி, மரப்பயிர் போன்ற உண்ணாத பயிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் இறங்கி வேலை செய்வோர் காலணியும் கையுறையும் அணிவது அவசியம்.

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

பரிசோதனைச் சீட்டு அடுத்த பட்டத்துக்கு என்ன விதைப்பது என்று சொல்வதோடு நிற்பதில்லை. தண்ணீர் திடீரெனக் கெட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. 2015ல் 1.2, 2020ல் 1.4, இந்த ஆண்டு 3.5 என்று ஒரே கிணற்றின் சீட்டுகள் இருந்தால், யாரும் எளிதில் மறுக்க முடியாது. ஊரில் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, உழவர் குழு மூலம் ஒரே நாளில் மாதிரி எடுத்து ஆண்டுதோறும் சோதித்து வந்தால் செலவும் பகிரும், சான்றும் வலுக்கும்.

ஆற்றிலோ ஓடையிலோ நிறம் மாறியோ நுரைத்தோ தண்ணீர் வந்தால் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுங்கள். திருப்பூரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு வடக்கு, தெற்கு என இரண்டு மாவட்ட அலுவலகங்கள் உள்ளன. எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பகுதிச் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவீடுகளைக் கேட்டுப் பெறலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பொதுவாக, மாசு தொடர்பான வழக்கை 6 மாதத்துக்குள்ளும், நட்ட ஈடு கோரும் மனுவை 5 ஆண்டுக்குள்ளும் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். காலம் தாழ்த்தினால் நியாயம் இருந்தும் பயனில்லாமல் போகலாம்.

கேட்கும்போது உப்பை மட்டும் கேட்காதீர்கள். காவிரியில் கண்டறியப்பட்ட உலோகங்கள், மருந்து எச்சங்கள் நொய்யலிலும் அதையொட்டிய கிணறுகளிலும் எவ்வளவு என்று வாரியமும் பல்கலைக்கழகங்களும் தொடர்ந்து அளந்து வெளியிட வேண்டும் என்று மனுவில் சேர்த்து எழுதுங்கள். கோவை, திருப்பூர் நகரங்களின் சாக்கடை நீரைச் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விட வேண்டும் என்பதையும் சேருங்கள். சாயப்பட்டறைக்கு ஒரு சட்டம், மாநகராட்சிக்கு ஒரு சட்டம் என்று இருக்க முடியாது.

திருப்பூரின் பனியன் தொழில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் சோறு போடுகிறது. அது நடக்க வேண்டும், தோட்டமும் விளைய வேண்டும். கழிவை வெளியே விடாமலும் சாயம் போட முடியும் என்பதை அந்தத் தொழிலே இந்த ஆண்டுகளில் காட்டிவிட்டது. அந்தக் கட்டுப்பாடு தளராமல் பார்த்துக்கொள்ள விவசாயி கையில் இருக்கும் கருவி, ஒரு லிட்டர் பாட்டிலும் அதற்கு வரும் சீட்டும்தான். அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன், முதல் வேலையாகத் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள்.